கழிப்பதும் காப்பதும்

மார்கழித் திங்களின் இறுதிநாளாகிய போகியையொட்டி, கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டை உள்ளிட்ட தமிழக ஊர்களில் மக்கள் பரணை ஒழித்து, வெள்ளையடித்து, வேண்டாத பொருள்களைக் களைவர். இதனால் இல்லத்தில் இடம் பெருகும். தேடும் பொருள் உடனே கைக்குக் கிட்டும்.

எனினும், ஆராயாது கழித்தல் பேரிழப்பாகும். செல்லரித்த குப்பையெனக் கருதி நெருப்பிலும், ஆடிப்பெருக்கில் ஆற்றிலும் இடப்பட்ட ஓலைச்சுவடிகள் பல. அவற்றோடு அழிந்த நூல்கள் எவையென இன்று அறிய இயலாது. எஞ்சிய ஏடுகளை ஊரூராகத் தேடிய உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.

ஆகவே, வீட்டை ஒழுங்கு செய்வோர் பொருள்களைப் பயன்படுவன, பிறர்க்கு ஈயத்தக்கன, கழிக்கத்தக்கன என மூவகையாகப் பிரித்தல் நன்று. ஏடு, கையெழுத்துப்படி, பழைய பத்திரம் ஆகியவற்றை மட்டும் படித்தறிந்த பின்னரே எவ்வகையில் சேர்ப்பது என முடிவுசெய்தல் வேண்டும்.