நிறுத்தும் புள்ளியும் தொடங்கும் புள்ளியும்

கலசப்பாக்கத்தில் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடையின் மூலையில் ஒரு கம்ப்ரஸர் உண்டு. தானே ஓடும், தானே நிற்கும். ஒருநாள் அங்கே ஒரு லாரி வந்து நின்றது. அதன் டயருக்கு 110 பவுண்டு காற்று வேண்டும். கம்ப்ரஸரோ 114 பவுண்டில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவில், நின்றுவிடும். அடிக்க அடிக்க முள் இறங்கியது. "நட்டை ரெண்டு சுத்து முறுக்கினா ஏறிடும் தம்பி" என்றார் கடைக்காரர். முறுக்கலாமா? இயற்பியல் பயிலும் நாம் விடை சொல்ல வேண்டிய வினா இது.

முதலில் பிரஷர் சுவிட்சின் அமைப்பைக் காண்போம். தொட்டியின் காற்று ஒரு ரப்பர் சவ்வை மேலே தள்ளுகிறது. பெரிய சுருள்வில் ஒன்று அதைக் கீழே அழுத்துகிறது. காற்றின் விசை வில்லின் விசையை வென்றதும் மின்தொடர்பு சட்டென்று விலகி மோட்டார் நிற்கும். காற்றுச் செலவாகி 6 கிலோவுக்கு இறங்கியதும் தொடர்பு மீண்டும் சேரும். 8 நிறுத்தும் புள்ளி. 6 தொடங்கும் புள்ளி.

இந்த இடைவெளி எதற்கு? அது மிகக் குறுகினால் மோட்டார் அடிக்கடி நின்று புறப்படும். புறப்படும்போதெல்லாம் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். மிக அகன்றாலோ காற்றின் வேகம் குறைந்து வேலை கெடும்.

திருத்தும் முறை இது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பெரிய வில்லின் நட்டை வலமாக முறுக்கினால் இரு புள்ளிகளும் சேர்ந்தே உயரும். சிறிய வில்லின் திருகு இடைவெளியை மட்டும் மாற்றும். சில சுவிட்சுகளில் அது நிறுத்தும் புள்ளியை உயர்த்தும். சிலவற்றில் தொடங்கும் புள்ளியைத் தாழ்த்தும். ஆகவே அரைச் சுற்று திருப்பி, மூடியைப் பொருத்தி, ஓடவிட்டு, அழுத்தமானியைப் பார்த்த பின்னரே அடுத்த அரைச் சுற்று. பெரியதை முதலில், சிறியதைப் பின்னர்.

ஆனால் எதுவரை உயர்த்தலாம்? அதைச் சுவிட்சு சொல்லாது. தொட்டியின் மீதுள்ள பெயர்த்தகடு சொல்லும். 200 லிட்டர் தொட்டியில் 8 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட காற்றின் ஆற்றல் ஏறத்தாழ 2 லட்சம் ஜூல். ஒரு டன் எடையை 20 மீட்டர் உயரத்திற்குத் தூக்க அது போதும்! தொட்டி வெடித்தால் அவ்வளவும் ஒரே கணத்தில் வெளிப்படும். அடியில் தேங்கும் நீரால் தகடு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து மெலிந்திருக்கவும் கூடும். ஆதலால் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். பாதுகாப்பு வால்வு இருக்கிறதே எனலாம். அது சுவிட்சு தவறும் நாளுக்கான கடைசிக் காவல். அன்றாட வேலைக்காரன் அன்று. பாதுகாப்பான அழுத்தம் மீறாதிருக்க வழிசெய்ய வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவும் வற்புறுத்தியது.

அன்று நாங்கள் தகட்டைத் துடைத்துப் பார்த்தோம். எல்லை 9 கிலோ என்றிருந்தது. நட்டை முறுக்கி 10-க்கு ஏற்றினால் டயர் நிரம்பும். தொட்டி தாங்குமென்று யார் பொறுப்பேற்பது? லாரிக்கு வேண்டியது இன்னொரு சுற்று அன்று. உயர் அழுத்தத்திற்கென்றே செய்த இரண்டடுக்குக் கம்ப்ரஸர். கடைக்காரர் சற்று யோசித்தார். பின் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, லாரியை வேறு கடைக்கு அனுப்பினார். அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. ஆயினும் அந்தத் தொட்டிக்கு நாலடி தூரத்தில்தான் அவருடைய மகன் அமர்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.