புயலில் போன கூரை, கைவிரித்த காப்பீடு: முறையிட ஒரு முழுமையான வழிகாட்டி

புயல் ஓய்ந்த சில நாட்களில் சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போவார். பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வரும்: "கூரைச் சேதம் புயலால் ஏற்பட்டதல்ல, நாள்பட்ட தேய்மானத்தால் ஏற்பட்டது, க்ளைம் நிராகரிக்கப்படுகிறது." பலர் தலையெழுத்து என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரி, காப்பீட்டு ஆம்பட்ஸ்மன், நுகர்வோர் ஆணையம் என்று கேட்பதற்கு இன்னும் மூன்று இடங்கள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

கடிதத்தில் என்ன காரணம்?

மறுப்பு எழுத்தில் வந்திருக்க வேண்டும். போனில் சொன்னால், "காரணத்தையும் பாலிசியின் எந்த விதி என்பதையும் எழுதி அனுப்புங்கள்" என்று அன்றே மின்னஞ்சல் போடுங்கள். கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிற்பாடு வழக்கில் கொண்டுவரக் கம்பெனிக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் (2019) தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நீங்கள் உடைக்க வேண்டியது கடிதத்தில் இருக்கும் காரணத்தை மட்டும்தான். குடும்பக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை.

தகவல் தாமதம் என்றோ, ஆவணம் போதாது என்றோ மறுத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான க்ளைமைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2011-லேயே சுற்றறிக்கை விட்டது. ஆவணம் இல்லை என்பதற்காக க்ளைமை நிராகரிக்கக் கூடாது என்பது 2024-ஆம் ஆண்டு உத்தரவு.

பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடப்பில் இருக்கிறது. புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். முழுப் பாலிசி வாசகம் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்க அட்டவணை போதாது. கூரை என்ன வகை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கீற்றுக் கொட்டகையைத் தளம் போட்ட வீடு என்று ஏஜென்ட் நிரப்பியிருந்தால் சிக்கல்தான்.

புயலா, தேய்மானமா?

பெரும்பாலான கூரைத் தகராறு இந்தக் கேள்வியில்தான் நிற்கும். பழைய கூரை என்பதாலேயே சேதமும் பழையது ஆகிவிடாது. இருபது வருட ஓடானாலும் அன்றைய காற்றில்தான் பறந்தது என்று காட்டினால் போதும்.

உடைந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதிதாக உடைந்த விளிம்பு செங்கல் சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும். பழைய உடைப்பில் பாசியும் கறுப்பும் ஏறியிருக்கும். ரீப்பர் கட்டை காற்றில் முறிந்திருந்தால் முறிவில் வெளிறிய நார் தெரியும், செல்லரித்தது பொடியாக உதிரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பிய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். காற்று தூக்கியதற்கு அது நல்ல அடையாளம். இவற்றை எல்லாம் கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று எனப் படமெடுங்கள். உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போடுவது உங்கள் கடமை. அந்தச் செலவு ரசீதும் பத்திரம்.

அடுத்தது வானிலைச் சான்று. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. இப்படி ஒவ்வொரு புயலுக்கும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகள் காற்றின் வேகத்தோடு இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பகுதிக்கானதை எடுத்து இணையுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சேதச் சான்று, உள்ளூர்ச் செய்தித்தாள், புயலுக்கு முன் எடுத்த ஏதாவதொரு வீட்டு விசேஷப் படத்தில் பின்னணியில் தெரியும் முழுக்கூரை எல்லாமே உதவும்.

சர்வே ரிப்போர்ட்

அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் எழுதியதே கடைசி வார்த்தை அல்ல என்று 2009-இல் நியூ இந்தியா எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வெறுமனே 'தவறு' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். சர்வேயர் மேலே ஏறிப் பார்த்தாரா, தரையில் நின்றே எழுதினாரா, எந்தப் பக்கத்தைப் படமெடுக்கவில்லை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற சிவில் என்ஜினியர் ஒருவரிடம் காரணத்தோடு எழுதிய அறிக்கை வாங்குவது, செலவானாலும், நான் முதலில் செய்யச் சொல்வது.

குறைதீர் அதிகாரிக்கு

ஒன்றரைப் பக்கம் போதும். இப்படித் தொடங்கலாம்: "தங்கள் மறுப்புக் கடிதம் கூரைச் சேதத்தைத் தேய்மானம் என்கிறது. இணைப்பு 1 முதல் 4 வரை அது அந்தப் புயலில் நேர்ந்தது என்று காட்டுகின்றன. க்ளைமை மறுபரிசீலனை செய்து, முடிவைக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்கவும்." கேட்கும் தொகையையும் கொத்தனார், ஆசாரி மதிப்பீட்டோடு எழுதுங்கள். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியுங்கள். ஆணையம் தீர்ப்புச் சொல்லாது; கம்பெனியைப் பதில் சொல்ல வைக்கும்.

ஆம்பட்ஸ்மன்

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இங்கே போகலாம். கம்பெனி கடைசியாக மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். ஆன்லைனிலும் மனு செய்யலாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். அதனால் படங்களைத் தேதி வரிசையில் அடுக்கி எண் போட்டுக் கொண்டுபோங்கள். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மேலே போகலாம்.

நுகர்வோர் ஆணையம்

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். வரம்பும் கட்டணமும் நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை என்பதால் வீட்டுப் பாலிசிக்காரர் பெரும்பாலும் எதுவும் கட்ட வேண்டியிருக்காது. கெடு இரண்டு ஆண்டு. ஆம்பட்ஸ்மனிடம் மனு நிலுவையில் இருக்கும்போதும் அந்தக் கெடு ஓடுகிறது என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மன் உங்கள் மனுவை எடுக்கமாட்டார். எனவே முதலில் அங்கே, பிறகு இங்கே.

இடையில் கம்பெனி ஒரு சிறு தொகையை நீட்டி, 'முழுத் தீர்வு' என்று அச்சடித்த வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், "மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.