பயாலஜி படிக்கப் போகிறவளுக்கு ஒரு ஃபிசிக்ஸ் கடிதம்

அன்புள்ள யாழினி,

பதினொன்றாம் வகுப்புக்கு நீ போட்டு வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். ஏ.பி. பயாலஜி, ஏ.பி. கெமிஸ்ட்ரி, ஏ.பி. என்விரான்மென்டல் சயன்ஸ், மூன்றும் ஒரே வருஷத்தில். ஃபிசிக்ஸ் எங்கே என்று கேட்டால், "அதை எடுத்தா ஜி.பி.ஏ. இறங்கிடும்னு கன்சல்டன்ட் சொன்னார் தாத்தா. எப்படியும் மூணு ஏ.பி. இருக்கே" என்கிறாய். அவருக்கு மணிக்கு எத்தனை டாலர் என்று உன் அப்பாவிடம் நான் விசாரிக்கவில்லை. என் ரத்த அழுத்தம் இப்போதுதான் கட்டுக்குள் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் அட்மிஷன்தான் பேச்சு என்பதால் அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நீ குறி வைத்திருப்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அவர்கள் பார்க்கும் ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுடையது. ஏ.பி. என்னும் கல்லூரி நிலைப் பாடத்துக்குத் தரும் கூடுதல் புள்ளிக்கு உச்சவரம்பு 8 செமஸ்டர், அதாவது முழு ஆண்டுப் பாடங்கள் நான்கு. பத்தாம் வகுப்பில் ஏ.பி. வேர்ல்ட் ஹிஸ்டரி எடுத்துவிட்டாய், அடுத்த வருஷம் ஏ.பி. இங்கிலீஷும் எடுக்கிறாய். மீதி இடம் இரண்டு. அப்படியானால் உன் மூன்றாவது சயன்ஸ் ஏ.பி.க்கு அந்தக் கணக்கில் ஒரு புள்ளியும் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு ஏ.பி. தேர்வோ மே மாதம் நடக்கிறது, மதிப்பெண் ஜூலையில் வருகிறது. மார்ச் முடிவதற்குள் இடம் யாருக்கு என்று தீர்மானமாகியிருக்கும். அவர்கள் கண்ணில் படுவது நீ எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்பது மட்டும்தான். கிரெடிட் கிடைக்கும் என்று எல்லா இடத்திலும் நம்பவும் முடியாது. எம்.ஐ.டி. ஏ.பி. கெமிஸ்ட்ரிக்குக் கிரெடிட் தருவதில்லை, கால்டெக் எந்த ஏ.பி.க்குமே தருவதில்லை.

இனி என் கட்சிக்கு வருகிறேன். உன் அம்மா பெருமூச்சு விடுவாள், விடட்டும்.

இந்த அமெரிக்கப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் பயாலஜி, பத்தில் கெமிஸ்ட்ரி, பதினொன்றில் ஃபிசிக்ஸ் என்ற வரிசை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கினாலும் இதே வரிசைதான் வரும்! இதைத் தலைகீழாக்கி ஃபிசிக்ஸை முதலில் வையுங்கள் என்று வாதாடிக்கொண்டே இருந்தவர் லியான் லெடர்மேன். 1988இல் நோபல் பரிசு வாங்கியவர், ஃபெர்மிலாபின் இயக்குநராக இருந்தவர். அவர் 1993இல் எழுதிய 'தி காட் பார்ட்டிக்கிள்' என் மேசையிலேயே கிடக்கிறது. அட்டை கிழிந்துபோயிற்று. நகைச்சுவைக்காகப் படிக்க ஆரம்பித்துத் துகள் இயற்பியலில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். நீயும் படி.

அவர் வாதம் எளிது. பூவைப் பிரித்து, தவளையை அறுத்துப் பெயர் எழுதிய காலத்துப் பயாலஜிக்கு ஃபிசிக்ஸ் தேவைப்படவில்லை. இன்றைய பயாலஜி மூலக்கூறுகளின் கதை. டி.என்.ஏ.யையே எடுத்துக்கொள். அடினினுக்கும் தைமினுக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு 2, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் நடுவே 3. ஒன்பதாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்தாய், சரியாகவும் எழுதியிருப்பாய். ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்று அன்று யாராவது சொன்னார்களா? எலெக்ட்ரானை ஆக்சிஜனும் நைட்ரஜனும் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் முனையில் கொஞ்சம் நேர் மின்னூட்டம் தங்குகிறது. எதிரே இருக்கும் எதிர் மின்னூட்டம் அதை ஈர்க்கிறது. பெரும்பகுதி கூலும் விதிதான். அந்த ஈர்ப்பின் ஆற்றல் சாதாரண சகப்பிணைப்பினுடையதில் சுமார் இருபதில் ஒரு பங்கு. கொரோனா காலத்தில் உன் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பி.சி.ஆர். சோதனை நடப்பது இந்த வித்தியாசத்தால்தான். 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும், ஆனால் எந்த இழையின் முதுகெலும்பும் அறுந்து போகாது. பிறகு ஆற விட்டு நகலெடுக்கலாம். மின்விசையும் வெப்ப ஆற்றலும் தெரியாதவளுக்கு இது ஒரு சமையல் குறிப்பு, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. 2007இல் ஃபிலிப் சாட்லர், ராபர்ட் டாய் இருவரும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி முதல் நிலை அறிவியல் வகுப்புகளில் இருந்த 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்ததில், பள்ளியில் ஒரு சயன்ஸ் படித்தது கல்லூரியில் அதே சயன்ஸுக்கு உதவியது, இன்னொன்றுக்கு உதவியதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கை கொடுத்தது கணிதம் ஒன்றுதான். லெடர்மேன் ஆளான எனக்கு இது பிடிக்காத முடிவு. ஃபிசிக்ஸைத் தொடாமலே பயாலஜி நடத்தும் வகுப்புகளில் ஃபிசிக்ஸ் எப்படி உதவும் என்று கேட்பேன். ஆனால் கணிதம் பற்றி அவர்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸை விட்டுவிடாதே.

இன்னொன்று. டாக்டராகப் போகிறேன் என்கிறாய். எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்று கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும்தான். இன்று ஃபிசிக்ஸை விட்டு ஓடினால், முந்நூறு பேர் உட்கார்ந்த கல்லூரி அரங்கில் முதல் தடவையாக நியூட்டனைச் சந்திப்பாய். அப்படி வந்து விழித்தவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். ஏ.பி. ஃபிசிக்ஸ் 1 ஃபிசிக்ஸே படிக்காதவர்களுக்காக அமைத்த பாடம், அதற்கு அல்ஜீப்ரா போதும். சூத்திரம் தெரிந்தும் காரணத்தை வாக்கியமாக எழுதத் தெரியாததால்தான் பலருக்கு அதில் மதிப்பெண் போகிறது. உனக்கு எழுத வருகிறதே, பிறகென்ன?

ஆகவே பதினொன்றில் ஃபிசிக்ஸ் 1, கெமிஸ்ட்ரி. பன்னிரண்டில் பயாலஜி. உன் இரண்டு கூடுதல் புள்ளிப் பாடங்களும் அப்படியே இருக்கும். சுற்றுச்சூழல் அருமையான பாடம்தான், ஒளிந்துகொள்வதற்காக அதை எடுப்பது அதற்கே அவமரியாதை.

உங்கள் பள்ளியில் ஃபிசிக்ஸ் 1 வகுப்பு நிரம்பிவிட்டது என்றால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அதற்கு இணையான பாடத்தைக் கோடையிலேயே எடுக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க பாடம்தானா என்று பார்த்துக்கொள். பள்ளியின் ஒப்புதல் கையொப்பம் வேண்டும். அந்தப் படிவத்தை கன்சல்டன்டிடம் கொடுக்காதே, நீயே நிரப்பு.

அன்புடன்,
தாத்தா