பார்க்கும் கணினிக்குப் புரியுமா?

ஒரு திடப்பொருளை ஊடுருவி மற்றொன்று செல்ல முடியாது. இதைப் பச்சிளங்குழந்தையும் உணர்கிறது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். ஒரு பெட்டியின் முன் இருந்த தட்டி, பெட்டியே இல்லாததுபோல் முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்தது. ஐந்து மாதக் குழந்தைகள் நடக்க இயலாத அக்காட்சியையே நெடுநேரம் உற்றுநோக்கின.

கணினியின் நிலை வேறு. படத்தில் இருப்பது பூனையா, மகிழுந்தா என்று அது நொடியில் கூறிவிடும். ஆனால், பொருள்களின் பெயரை அறிவது வேறு. அவற்றிற்கிடையே உள்ள தொடர்பை அறிவது வேறு.

இந்த இடைவெளியை அளந்தறிய, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஐபிஎம் முதலிய நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் ‘கிளெவரர்’ என்னும் காணொளித் தொகுப்பை வெளியிட்டனர். அதில் 20,000 காணொளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஐந்து விநாடி ஓடும். கனசதுரம், கோளம், உருளை ஆகியவை நகர்ந்து ஒன்றோடொன்று மோதும்.

அக்காட்சிகளைக் கொண்டு கணினியிடம் நான்கு வகை வினாக்கள் கேட்கப்பட்டன. மோதிய பொருளின் நிறம் என்ன? அம்மோதலுக்குக் காரணம் எது? அடுத்து என்ன நடக்கும்? சிவப்பு உருளை அங்கு இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

முதல் வகை வினாக்களுக்கு அன்றைய கணினி நிரல்கள் நன்றாகவே விடையளித்தன. காரணத்தையும் விளைவையும் பற்றிய மற்ற மூன்றிலும் அவை தடுமாறின.

ஆகவே, ஆய்வாளர்கள் பணியைப் பகுதிகளாகப் பிரித்தனர். ஒரு பகுதி பொருள்களை இனங்காணும். மற்றொரு பகுதி அவற்றின் அசைவையும் மோதலையும் கணிக்கும். மூன்றாவது பகுதி வினாவைச் சிறு சிறு படிகளாக மாற்றும். இறுதிப் பகுதி அப்படிகளைப் பின்பற்றி விடை காணும். இம்முறையால் விடைகள் மேம்பட்டன. எனினும், ‘இல்லாதிருந்தால்’ என்னும் வினாவே அதற்கும் மிகக் கடினமாக இருந்தது.

இவ்வாய்வின் பயன் விளையாட்டுப் பொருள்களோடு நின்றுவிடுவதில்லை. சாலையில் ஒரு பந்து உருண்டோடி வந்தால், அதன் பின்னே ஒரு குழந்தை ஓடி வரக்கூடும் என்று எண்ணி ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். ஓட்டுநரில்லா வாகனம் பந்தை மட்டும் கண்டால் போதாது. இன்னும் கண்ணில் படாத குழந்தையையும் கருத வேண்டும். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வதே அறிவு. அந்த அறிவைக் கணினிக்குப் புகட்டுவதில் உயிர்களின் பாதுகாப்பும் அடங்கியுள்ளது.