காகிதக் கூழ் கழுவுதலில் சிக்கனம்

மூங்கில், கரும்புச் சக்கை, வைக்கோல் போன்றவற்றைக் காஸ்டிக் சோடா முதலிய இரசாயனங்களுடன் வேகவைக்கும்போது, நார்களைப் பிணைத்துள்ள லிக்னின் கரைந்து கருந்திரவமாகிறது. நாரிலிருந்து இத்திரவத்தைப் பிரிப்பதே கூழ் கழுவுதலாகும். கூழில் தங்கிவிடும் திரவத்தால் மூவகை இழப்பு நேர்கிறது. மீட்கத்தக்க சோடா வீணாகிறது. வெளுப்பதற்கான இரசாயனச் செலவு உயர்கிறது. எளிதில் சிதையாத லிக்னின் கழிவுநீருக்குக் கருநிறம் ஊட்டுகிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டபின் இது ஆலையின் உள்விவகாரமாக மட்டும் இருக்கவில்லை.

நீரை மிகுதியாகத் தெளிப்பதே தீர்வு எனத் தோன்றலாம். கணக்கு வேறுவிதமாக உள்ளது. 12 சதவீத அடர்த்தியில் வெளியேறும் கூழில், ஒரு டன் உலர்நாருடன் சுமார் 7.3 டன் நீர் செல்கிறது. 10 டன் நீர் தெளித்தால், எஞ்சும் 2.7 டன் கருந்திரவத்தில் சேர்ந்து அதை நீர்க்கச் செய்கிறது. சோடாவை மீட்க இந்நீரை ஆவியாக்கியாக வேண்டும். 1 டன் நீராவி 4 டன் நீரை ஆவியாக்கும் எனக் கொண்டால், நாள்தோறும் 100 டன் கூழ் செய்யும் ஆலையில், டன்னுக்கு 1 டன் நீர் கூடினால் நாளொன்றுக்கு 25 டன் நீராவி கூடுதலாகச் செலவாகும்.

ஆகவே, குறைந்த நீரைக் கொண்டு நிறைந்த பயன் பெறுவதே திறமை. இதற்கென அமைந்ததே எதிரோட்ட முறை. மூன்று அல்லது நான்கு உருளைகளில் இறுதி உருளைக்கு மட்டும் தூய வெந்நீர் அளிக்கப்படுகிறது. அதன் வடிநீர் முந்தைய உருளையில் தெளிக்கப்படுகிறது. நீர் கூழோடு கலந்து சுழலாமல், திரவத்தை முன்தள்ளி அதன் இடத்தைப் பிடிக்க வேண்டும். கூழ்ப்படலம் சீரான கனத்தில் அமைவதும், தெளிப்பான்கள் அடைபடாதிருப்பதும், வெற்றிடக் குழாயில் காற்றுக் கசிவு இல்லாதிருப்பதும், நுரை கட்டுப்படுவதும் இதற்கு இன்றியமையாதன. இவற்றைச் சீர்செய்யப் புதிய இயந்திரம் தேவையில்லை.

வைக்கோல், சக்கைக் கூழ்களில் நீர் மெதுவாகவே வடிகிறது. சக்கையிலுள்ள சோற்றுப் பகுதியை வேகவைக்குமுன் நீக்கிவிட்டால் வடிதல் விரைவுபடும். கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகளுக்கு இது அடிப்படைத் தேவையாகும்.

கூழுடன் இழக்கும் சோடா, தெளிக்கும் நீர் ஆகிய இரண்டையும் ஒவ்வொரு பணிமுறையிலும் சேர்த்தே அளவிட வேண்டும். ஒன்றை மட்டும் நோக்கினால், சோடாவில் மிச்சப்படுத்தியது நீராவியில் கரைந்துவிடும்; நீராவியில் மிச்சப்படுத்தியது ஆற்றில் மாசாகச் சேரும்.