குடி நம் ரத்தத்தில் இருக்கிறதா?



"நம்ம ஆளுங்க ரத்தத்திலேயே குடி ஊறிப்போச்சு, என்ன செய்யறது?" கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் இந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இது உண்மையா? இந்த மாதப் பாடம் இதுதான்.

முதலில் மரபணு. ஒருவர் குடிநோய்க்கு ஆளாகிறார், இன்னொருவர் ஆவதில்லை. இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மீதி, வாழும் சூழல். சீன நண்பர்கள் சிலருக்கு ஒரு மடக்கு குடித்தாலே முகம் சிவந்துவிடும், பார்த்திருப்பீங்க. ஏஎல்டிஎச்2 மரபணுவின் ஒரு வகை அது. அது உள்ளவர்கள் குடிநோய்க்கு ஆளாவது குறைவு. ஆனால் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம். நம்மிடம் அந்த வகை அரிது, வெள்ளைக்காரர்களிடமும் அரிது. தமிழனுக்கென்று தனியாக ஒரு 'குடிகார மரபணு' கிடையாது.

அடுத்தது எபிஜெனெட்டிக்ஸ். உங்கள் தேவாரப் புத்தகத்தில் "இங்கே நிறுத்து", "இதை விடு" என்று பென்சிலால் குறித்து வைப்பீங்க இல்லையா? பாட்டு மாறாது, பாடும் விதம் மாறும். மரபணு மேலும் மெத்தில் எனும் சிறு வேதிக்குறிகள் உண்டு. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய, ஆப்பிரிக்க, ஹிஸ்பானிய வழிவந்த 13,317 பேரைப் பார்த்தது. குடிக்கும் அளவோடு தொடர்புள்ள 144 குறியிடங்கள் ரத்தத்தில் தெரிந்தன. குடியை விட்டவர்களிடம் இத்தகைய குறிகள் சில பழைய நிலைக்குத் திரும்புவதை வேறு ஆய்வுகள் காட்டின. பென்சில் குறிதானே, அழியவும் செய்யும்.

சூழல் என்றேனே, நம் தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, அந்தக் கடைகளை மூட வேண்டும் என்பது. ரத்தத்தில் ஊறியிருந்தால் அப்படிக் கேட்டிருப்பார்களா?

வீட்டில் அப்பாவோ மாமாவோ குடிப்பவரா? உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான். அதனால் முதல் கிளாஸையே தொடாதீங்க. அவரைத் திட்டுவதைவிட கிளினிக்குக்கு அழைத்துப் போங்க. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படிதான் நிறுத்தணும்.

கலந்து பேச: நம் வீட்டு விசேஷங்களில் குடியைப் பரிமாறுவது யார்? வேண்டாம் என்று முதலில் சொல்லப்போவது யார்?