நாய்க்கு ஒரு நடுகல்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கட்டட வேலை, பூ வியாபாரம், மூட்டை தூக்கும் வேலை. லீவு நாளில் கப்பன் பூங்காவுக்குப் போவார்கள். அதன் ஓரத்தில் கஸ்தூரிபா சாலையில் ஒரு சிவப்புக் கட்டடம் நிற்கும். பலர் அதைக் கடந்து போய்விடுவார்கள். அதுதான் அரசு அருங்காட்சியகம்.

இதைத் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1851-இல் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் இவரே. பெங்களூரில் 1865-இல் தொடங்கினார். இப்போதுள்ள கட்டடம் 1877-இல் வந்தது.

சிலைகள், நாணயங்கள், பழைய ஆயுதங்கள் என்று நிறையப் பொருள்கள் இந்த அருங்காட்சியகத்தில் உண்டு. அவற்றில் ஒரு கல்லைப் பற்றி மட்டும் இங்கே பார்ப்போம். அதன் பெயர் ஆதகூர்க் கல்வெட்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் சண்டை போடுகின்றன. சுற்றிலும் எழுத்துகள்.

எழுத்தைப் பார்த்ததும் மலைக்க வேண்டாம். அது பழைய கன்னடம். கன்னடம் நன்றாகப் படித்தவர்களுக்கே அது எளிதில் விளங்காது. ஆயிரம் ஆண்டுகளில் எழுத்தின் வடிவம் அவ்வளவு மாறிவிட்டது. கல்வெட்டு அறிஞர்கள் அதைப் படித்துச் சொன்ன கதை இது.

சுமார் கி.பி. 949-இல் தக்கோலத்தில் ஒரு பெரிய போர் நடந்தது. ஆம், நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலம்தான். ஒரு பக்கம் சோழ இளவரசன் இராசாதித்தன். மறுபக்கம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாக வந்தவன் கங்க மன்னன் பூதுகன். இராசாதித்தன் போரில் இறந்தான். யானை மேலேயே உயிர் விட்டவன் என்று சோழர் கல்வெட்டுகள் அவனைப் போற்றுகின்றன. இந்தக் கல்லோ வென்றவர்களின் கல். ஒரே போரை இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பூதுகனின் வீரன் மணலேரன். போரில் நன்றாகச் சண்டை போட்டான். மன்னன் மகிழ்ந்து, "என்ன வேண்டும், கேள்" என்றான். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது ஒரு நாயை! மன்னனின் வேட்டை நாய் அது. பெயர் காளி.

பிறகு ஒரு நாள் காளியைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் ஏவினார்கள். இரண்டும் விடாமல் சண்டை போட்டு, இரண்டும் செத்தன. காளியின் நினைவாக ஆதகூர்க் கோயிலின் முன் இந்தக் கல்லை நட்டார்கள். பூசைக்காக நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் அந்த நாயின் பாவம் அவனைச் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். நாய் மேல் அவ்வளவு மதிப்பு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் எடத்தனூரில் இருக்கிறது. காளியின் கல்லைவிடச் சுமார் முந்நூறு ஆண்டுகள் பழையது. மகேந்திரவர்ம பல்லவன் காலம். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது: கோவிவன். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் மறைந்துவிட்டது. இந்த இரண்டு நாய்களின் பெயர் நிற்கிறது!

பெங்களூர் அருங்காட்சியகத்துக்குப் போகும் முன், அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே அவசரப்பட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. பிடித்த நாலு பொருள்களின் முன் நின்று, பக்கத்தில் பலகை இருந்தால் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பலகையில் தமிழ் இல்லையென்றால் அங்குள்ள பணியாளரைக் கேளுங்கள். பொருள்களைத் தொடக் கூடாது. கை பட்டுப் பட்டுக் கல்லும் தேயும்.

வழியில் கிருஷ்ணகிரியிலும் ஓர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, பழைய நடுகற்களே. எண்ணெய்யும் மஞ்சளும் பூசியிருப்பதால் எழுத்து தெரியாது. உங்கள் ஊர்க் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.